ஓனர் ஆபீசுக்கு எதிரே ஒரு பலகை

அந்த விளம்பர ஆபீசில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவள் கத்தரி. காலையில் வந்து கைப்பையை வைக்கிறாளோ இல்லையோ, செய்தித்தாள்களை மேஜையில் பரப்பிக் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிடுவாள். லிஃப்டில் மாட்டிக்கொண்ட கல்யாண ஜோடி, மூக்குக் கண்ணாடியை மறந்து யாருடைய பைக்கையோ வீட்டுக்கு ஓட்டிப் போன வாத்தியார், எதுவும் அவள் கையிலிருந்து தப்பாது. வாத்தியார் செய்தி ஒரு கண்ணாடிக் கடைக்கு விளம்பரமானது. அதில் வாத்தியார் இல்லை, அவர் ஊர் இல்லை, பைக்கின் நிறம்கூட இல்லை. யாரோ ஒரு மனிதர் தப்பான வண்டியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

வேலையில் அவளுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. செய்தியை நன்றாகப் படிப்பாள். பிறகு துண்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பக்கத்து மேஜையில் படம் போடுகிறவரிடம் நடந்ததைத் தன் வாயால் சொல்வாள். எப்போதும் பாதிக் கண் மூடியே இருப்பதால் அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். அவர் கண்ணைத் திறந்தால் செய்தி தேறும். சொன்னதை அப்படியே எழுதி முடித்த பிறகுதான் துண்டைப் புரட்டுவாள், நடந்தது மாறிவிடவில்லையே, நிருபருடைய வாக்கியம் எதுவும் தன் எழுத்தில் ஒட்டிக்கொள்ளவில்லையே என்று பார்க்க. நடந்ததை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், நிருபர் எழுதிய வரி நிருபருடையது என்று ஆபீஸ் வக்கீல் ஒருமுறை சொல்லிக் கொடுத்தார். மற்றவர்கள் அதை அன்று சாயங்காலமே மறந்தார்கள்.

ஒரு நாள் அவள் கத்தரித்தது ஒரு பள்ளி வேன் டிரைவரைப் பற்றிய செய்தி. வண்டி நிறையப் பிள்ளைகள். நடுரோட்டில் மனிதருக்கு நெஞ்சு வலி. வண்டியை ஓரங்கட்டி, சாவியை எடுத்து, கதவையும் திறந்துவிட்ட பிறகுதான் ஸ்டியரிங்கில் சாய்ந்தார். பிள்ளைகள் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவர் பிழைக்கவில்லை. சொல்லி முடித்தபோது தூங்குமூஞ்சி கண்ணை முழுசாகத் திறந்திருந்தார்.

பிரேக் செய்யும் கம்பெனி ஒன்று அவர்களுக்குப் பெரிய வாடிக்கை. அதற்கு இதையே கொண்டுபோகலாம் என்று முடிவானது. விளம்பரத்துக்கு மாதிரி போடும்போது, நிஜப் படம் வரும்வரை இடம் பிடிக்க எதையாவது ஒட்டி வைப்பது அவர்கள் வழக்கம். தூங்குமூஞ்சி பேப்பரில் வந்த டிரைவர் படத்தையே ஒட்டி, கீழே அவர் பெயரையும் போட்டார். கத்தரியும் பார்த்தாள். இடம் பிடிக்கத்தானே என்று விட்டுவிட்டாள். அந்த மாதிரி அப்படியே பிரேக் கம்பெனிக்காரர் கைக்குப் போனது.

அவர் பிடித்தார் பாருங்கள் ஒரே பிடி. இந்த முகம்தான் வேண்டும், ஊர் முழுக்கப் பெரிய பலகையாக நிற்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குப் போகவில்லை என்றால் வேறு ஆபீசைப் பார்த்துக்கொள்வேன் என்றார். முதலாளிக்கு வியர்த்தது. கத்தரிக்குத் தன்மேலேயே கோபம் பொங்கியது. இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்துச் செய்தவள், ஒரு துண்டுப் படத்தில் போய்க் கோட்டை விட்டாளே.

"பேப்பர்ல வந்துட்டா அது ஊர் சொத்து, கத்தரி" என்றார் முதலாளி.

"நடந்தது ஊர் சொத்து சார். மூஞ்சி அவங்க வீட்டுது. படம் எடுத்தவருக்கும் அதுல உரிமை இருக்கு. செய்தியில போடறது வேற, ஒரு சாமானை விக்கப் போடறது வேற. வீட்டுல கேக்காம நான் இதை அனுப்ப மாட்டேன்."

வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னாள். முதலாளி அவள் முகத்தைப் பார்த்தார். சரி, போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு வா என்று இறங்கி வந்தார்.

டிரைவரின் மனைவி ஒரு மாடிப்படிக்குக் கீழே தையல் மெஷின் போட்டிருந்தாள். கால் மெஷினை மிதித்தபடியே இருந்தது. கத்தரி சுற்றி வளைக்கவில்லை. எந்தக் கம்பெனி, எதற்காக, எங்கெங்கே பலகை வரும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, மாதிரியை நீட்டினாள். அந்தப் பெண் வாங்கிப் பார்த்தாள். மெஷின் நின்றது.

"பிரேக்குக்கா அக்கா இவர் படம்?" என்றாள். "அந்த வண்டியில பிரேக்கே சரியில்ல. கியரைக் குறைச்சுக் குறைச்சு, மண்ணுல ஏத்தித்தான் நிறுத்தியிருக்கார். வண்டியைத் திரும்ப எடுத்துட்டுப் போன டிரைவரே வந்து சொன்னாரு. இவர் தினமும் சாவியைக் கொடுக்கறப்ப ஓனர்கிட்ட 'சார், பிரேக்கைப் பாத்துடுங்க'ன்னு சொல்லிட்டுத்தான் வருவாரு. தூக்கத்துலகூட அதையே சொல்வாரு. அவங்க பாக்கலாம் பாக்கலாம்னே ஓட்டிட்டாங்க."

படம் வேண்டாம், பெயரும் வேண்டாம் என்று மாதிரியைத் திருப்பிக் கொடுத்தாள். கத்தரி அதை அங்கேயே நாலாக மடித்துப் பைக்குள் திணித்தாள். டிரைவர் தினமும் ஓனரிடம் சொன்ன அந்த ஒரு வாக்கியம் வழியெல்லாம் அவள் காதை விட்டுப் போகவில்லை.

மறுநாள் பிரேக் கம்பெனிக்காரர் நேரிலேயே வந்து உட்கார்ந்தார். டிரைவர் உங்கள் பிரேக்கால் வண்டியை நிறுத்தவில்லை, படத்தைப் போட்டால் நிறுத்தினார் என்று நாமே பொய் சொன்னதாகிவிடும் என்றாள் கத்தரி. யாருக்குத் தெரியப் போகிறது என்றார் அவர். வேன் ஸ்டாண்டில் இருக்கிற அத்தனை டிரைவருக்கும் தெரியும், உங்கள் சாமானை வாங்குகிறவர்களே அவர்கள்தான் என்றாள். அவர் கொஞ்சம் யோசித்தார். முகம் பளிச்சென்றது. அப்படியானால் அந்த வேனில் பிரேக் கெட்டுக் கிடந்ததையே எழுதுங்கள், இன்னும் நன்றாக எடுபடும் என்றார். முதலாளிகூடத் தலையாட்டத் தொடங்கினார்.

அதுவும் முடியாது என்றாள் கத்தரி. அது பேப்பரில் வந்த செய்தியில்லை, வீட்டில் சொன்னது. ஆதாரம் கையில் இல்லாமல் எழுதினால் வேன் ஓனர் கோர்ட்டுக்கு இழுப்பார், இழுத்தால் நாம் வாய் பேச முடியாது.

"மூஞ்சி கூடாது, பேரு கூடாது, வண்டியும் கூடாது. அப்ப வெள்ளைப் பலகையாத் தொங்கவிடப் போறீங்களா?"

கத்தரி ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அதில் ஒரே வரி இருந்தது: சார், பிரேக்கைப் பாத்துடுங்க.

அவர் ஒருமுறை படித்தார். பிறகு மெதுவாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். தாளை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். இதையே அனுப்புங்கள் என்றார்.

"இன்னும் இது என்னோடது இல்ல சார்" என்று கத்தரி தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "சொன்னது அவர். வீட்டுல கேட்டுட்டு வரேன்."

அன்றைக்குத்தான் வெள்ளிக்கிழமை. முதலாளி கடிகாரத்தைப் பார்ப்பதும் கதவைப் பார்ப்பதுமாக இருந்தார். கத்தரி மாடிப்படிக்குக் கீழே போய், தையல் மெஷினுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள். படம் இல்லை, பெயர் இல்லை, எந்த வண்டி என்றும் இல்லை, இந்த வரி மட்டும் என்று காட்டினாள். இது அவருடைய வார்த்தை, வாரிசான நீங்கள் சம்மதித்தால்தான் எடுப்போம், அதற்கு உரிய பணமும் தருவார்கள் என்றாள்.

அந்தப் பெண் வரியை வெகுநேரம் பார்த்தாள். கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"போர்டு எங்க வைக்கறதுன்னு யாரு அக்கா முடிவு பண்றது?"

"நாங்கதான். ஏன்மா?"

"பணம் கெடக்கட்டும் அக்கா. ஒரு போர்டை மட்டும் ஓனர் ஆபீசுக்கு எதிர்ல வையுங்க. கேட்டைத் திறந்தா அதுதான் தெரியணும்."

கத்தரி ஆபீசுக்கு வருமுன் வக்கீலுக்கு போன் போட்டாள். அவர் வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். யாரையும் குற்றம் சொல்லவில்லை, ஊரில் எல்லா இடத்திலும் வைப்பதை அங்கேயும் வைப்பதில் தவறில்லை, பிரேக்கைப் பார்க்கச் சொன்னதற்காக யாரும் கேஸ் போட முடியாது என்று சொல்லிவிட்டு, சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே வரி அச்சுக்குப் போனது. அந்த இடத்தில் பலகை கிடைப்பது கஷ்டம் என்று முதலாளி இழுத்தபோது, பிடித்த பிடியை விடாமல் தானே நின்று இடம் பேசி முடித்தாள். பணத்தையும் அந்தப் பெண் வாங்கிக்கொள்ளும்படி செய்தாள்.

பலகை ஏறிச் சில நாள் கழித்து அவளுக்கு போன் வந்தது. பின்னால் தையல் மெஷின் சத்தம் கேட்டது.

"அக்கா, ஓனரோட வண்டி எல்லாம் வரிசையா ஷெட்டுல நிக்குதாம். பிரேக் மாத்தறாங்களாம்" என்றாள் டிரைவரின் மனைவி. மெஷின் நின்றது. "உயிரோட இருந்தப்ப சொன்னாரு, யாரும் கேக்கல. இப்பக் கேக்கறாங்க."