பதினேழாவது இடத்தில் ஒரு நான்கு

நந்தனத்தில் ஒரு மாடியில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் ஜெயபாரதி பன்னிரண்டு வருடமாக இருக்கிறாள். மற்றவர்கள் எழுதும் புரோகிராமில் பிழை தேடுவது அவள் வேலை. தீபிகா வந்து எட்டே மாதம். அதற்குள் முதலாளி சிதம்பரநாதனுக்கு அவள் "தீபிகாம்மா" ஆகிவிட்டாள். அந்த "அம்மா" காதில் விழும்போதெல்லாம் ஜெயபாரதிக்கு வயிறு எரியும். தன்னை ஒருநாளாவது அவர் அப்படி அழைத்ததுண்டா?

பள்ளிகளுக்கான யோகாசனப் போட்டியின் மதிப்பெண் புரோகிராமும் தீபிகாவுக்கே போனது. தவறுகளுக்குக் கழிக்கும் புள்ளிகளைக் கூட்ட வேண்டும். குறைவாக இழந்தவருக்கு முதலிடம். சமமானால் இருவருக்கும் முதலிடம்.

போட்டிக்கு முந்தின நாள் சோதித்தபோது ஜெயபாரதியின் விரல் நின்றது. மாதிரிப் பட்டியலில் ஒருத்திக்கு 0.1, 0.2 என்று இரண்டு கழிவுகள். இன்னொருத்திக்கு ஒரே கழிவு, 0.3. திரையில் இருவருக்கும் 0.3 தான். ஆனால் முதல் பெண் இரண்டாமிடத்தில் இருந்தாள்!

அவளுக்குப் புரிந்துவிட்டது. கணினியால் 0.1-ஐத் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது. கூட்டினால் 0.30000000000000004 வரும். திரை அதைச் சுருக்கி அழகாக 0.3 என்று காட்டும். ஒப்பிடும்போதோ பதினேழாவது இடத்திலிருக்கும் அந்த நான்கு கழுத்தறுத்துவிடும்.

"முடிஞ்சுதாக்கா?" என்று எட்டிப் பார்த்தாள் தீபிகா.

"ம். எல்லாம் சரியா இருக்கு."

நாளைக்கு நாலு பேர் முன்னால் தலைகுனியட்டும்!

மறுநாள் அரங்கத்தில் அதேதான் நடந்தது. கோட்டூர்புரத்திலிருந்து போட்டிக்கு வந்த மாணவி தமிழ்நிலா திரையையே பார்த்தபடி தீபிகாவிடம் வந்தாள். "மிஸ், ரெண்டு பேருக்கும் ஒரே பாயின்ட்டு தானே கீது? நான் மட்டும் ஏன் செகண்டு?"

குழந்தையின் உதடு துடித்தது. தீபிகாவின் முகம் வெளுத்தது.

"இன்னாம்மா இது? மானத்த வாங்கிட்டியே!" என்று சீறினார் சிதம்பரநாதன்.

ஜெயபாரதி ஏங்கிக் காத்திருந்த நிமிடம். ஆனால் இனிக்கவில்லையே! தீபிகா ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, நீங்க பாத்தாச்சுன்னு தைரியமா இருந்தேன். எனக்கு ஒண்ணுமே புரியலக்கா."

என்மேல் பழி சொல்லக்கூடத் தெரியாதா இவளுக்கு? அதற்கும் பொறாமையாக வந்தது.

"தள்ளு." லேப்டாப்பை இழுத்தாள் ஜெயபாரதி. "கழிவ எல்லாம் பத்தால பெருக்கி, ரவுண்டு பண்ணி முழு எண்ணா மாத்து. அப்புறம் கூட்டி ஒப்பிடு."

ஐந்தே நிமிடம். இருவருக்கும் முதலிடம். தமிழ்நிலா துள்ளிக் குதித்தாள்.

"பாரதிம்மா! நீ மட்டும் இல்லேன்னா..." சிதம்பரநாதன் கைகூப்பினார். தீபிகா கைதட்டினாள்.

பன்னிரண்டு வருடம் காத்திருந்த "அம்மா". அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

"சார், இது எனக்கு நேத்தே தெரியும். தெரிஞ்சுதான் சொல்லாம விட்டேன்."

கைதட்டல் நின்றது. ஜெயபாரதியின் கண்கள் கலங்கின. ஆனால் தீபிகாவின் கன்னத்தில் ஏற்கெனவே கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அழுகையில்கூட அவள்தான் முந்திக்கொண்டாள்.