எட்டாம் நம்பர் மலையில் வெட்டிய குழி

முத்துலிங்கம் மாஸ்டருக்கு வாய் சும்மா இருக்காது. இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் படித்துவிட்டு டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பள்ளிக்கூடம் நடத்தியவர். படித்த சரித்திரத்தை யாரிடமாவது கொட்டாவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது. அந்த வாய்தான் தோட்டத் தொழிலாளி சோலைமலையின் குடியைக் கெடுத்தது.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் மாசியில் புதுத் துரை வந்தார். பட்டாளத்தில் கேப்டனாக இருந்த வெள்ளைக்காரர், சரியான கிறிஸ்தவ வேதக்காரர். காமன் கூத்து பேய்க் கும்பிடு, இனி தோட்டத்தில் தப்பு மேளச் சத்தமே கேட்கக் கூடாது என்று காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் உத்தரவு போட்டார். அதற்குள், மன்மதன் கதையை ஆடும் அந்தக் கூத்துக்குக் காமன் கம்பம் ஊன்றி, ஆடுகிறவர்கள் காப்பும் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டியவன் ஆடாமல் விட்டால் வீட்டில் ஓர் உயிர் போகும் என்பது தொழிலாளர் குடியிருக்கும் லயத்து நம்பிக்கை. கோமாளி வேஷம் சோலைமலைக்கு. போன வருஷம்தான் ஏழு வயது மகள் பூரணியைக் காய்ச்சலுக்குக் கொடுத்திருந்தான். இன்னோர் உயிரைக் கொடுக்க அவனால் முடியாது.

"என்னங்க மாஸ்டர் செய்றது?" என்று வந்து நின்றான்.

மாஸ்டருக்கு அது போதாதா! "இவங்க சீமையிலேயே ஒருத்தன் இப்புடி ஆடுனான்டா. குரோம்வெல்லுன்னு பேரு. முந்நூறு வருஷத்துக்கு முந்தி ராசா தலைய வெட்டிட்டு பட்டாளத்த வச்சு நாட்ட ஆண்டான். கூத்துக் கொட்டகையெல்லாம் மூடிட்டாங்க. கிறிஸ்மஸே கொண்டாடக் கூடாதுன்னாங்க. வேதத்துக்குள்ளேயே ஆளுக்கொரு கச்சி, ஒருத்தன ஒருத்தன் ஜெயிலுக்கு அனுப்புனான். கடைசில என்னாச்சு? அவன் செத்தப்புறம் பழைய ராசா மகன் வந்தான். குரோம்வெல்லு பொணத்தத் தோண்டி எடுத்துத் தூக்குல போட்டாங்க!"

சோலைமலை விழுந்து விழுந்து சிரித்தான். மகள் போனபிறகு அவன் சிரித்தது அன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை பகலிலேயே, தப்பு அடிக்காமல், கைதட்டிக் கூத்தை முடித்தார்கள். கோமாளி முகத்தில் மாவு பூசி, தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு கேப்டன் துரையாக வந்தான். உத்தரவு போட்டான், செத்தான். இரண்டு பேர் அவனைத் தோண்டி எடுத்து விளக்குமாற்றால் சாத்தினார்கள். லயமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. கணக்கப்பிள்ளை செல்லசாமி மட்டும் சிரிக்காமல் துரையின் பங்களாவுக்கு நடந்தான்.

மறுநாள் பெரட்டில் துரை சோலைமலையை முன்னால் இழுத்து நிறுத்தினார். மொழிபெயர்க்க மாஸ்டரைக் கூப்பிட்டார். இந்தக் கதையை உனக்கு யார் சொன்னது என்பதுதான் கேள்வி.

மாஸ்டர் தமிழில் கேட்டார். சோலைமலை அவரை ஒரு தரம் பார்த்தான்.

"நானா நெனச்சதுங்க."

நான்தான் சொன்னேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். வேலை போகும், வீடு போகும். அந்த மூச்சு மாஸ்டருக்கு வரவில்லை. வெட்கங்கெட்ட மனுஷன்!

துரை கோபப்படவில்லை, சிரித்தார். எட்டாம் நம்பர் மலையில் புதைகாட்டை எடுத்துவிட்டுத் தேயிலைக் கன்று நடப்போகிறார்களாம். பிணம் தோண்டுவதில் இவனுக்கு ஆசை இருக்கிறதே, முதல் குழியை இவனே வெட்டட்டும். மாட்டேன் என்றால் பற்றுச்சீட்டுக் கொடுத்து வேலையை விட்டு நிறுத்திவிடுவார், இன்றே லயத்தைக் காலி செய்ய வேண்டும். அதையும் மாஸ்டர்தான் தமிழில் சொன்னார்.

"எம் புள்ள அங்கதானே கெடக்கு, மாஸ்டர்" என்றான் சோலைமலை.

என்ன சொல்கிறான் என்று துரை கேட்டார்.

"ஒன்றுமில்லை, சேர்" என்றார் மாஸ்டர்.

வீட்டில் பெண்டாட்டி நாகலெட்சுமி நிறைமாதம், இன்னும் மூன்று பிள்ளைகள். பிரஜாவுரிமையும் இல்லை, போக ஓர் ஊரும் இல்லை. சோலைமலை மண்வெட்டியை எடுத்தான். துரை காட்டிய இடத்தில் வெட்டினான். காப்புக் கயிறு இன்னும் அவன் மணிக்கட்டில் இருந்தது. மத்தியானத்துக்கு முன்னால் பூரணியின் பச்சைப் பாவாடை தெரிந்தது.

சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான். கையெல்லாம் மண். மாஸ்டர் எழுந்துகொண்டார், அடிப்பான் என்று நினைத்து.

"மாஸ்டர், சீமையில அந்த ஆளத் தோண்டுனாங்கன்னு சொன்னீங்களே. அவனப் பெத்தவங்களையா தோண்டச் சொன்னாங்க?"

"இல்ல, சோலைமலை. அவங்க எப்பவோ செத்துட்டாங்க."

"அப்ப தோண்டச் சொன்னவங்க நல்லவங்கங்க" என்று சொல்லிவிட்டு லயத்துக்குப் போனான்.