மாமியாரும் மருமகளும் ஒரே வகுப்பில்

தையல் கடை நடத்திய மாமியாருக்கு ஐம்பது வயதில் வணிகப் பட்டம் படிக்கும் ஆசை வந்தது. மாலை வகுப்பில் சேர்ந்தார். துணைக்கு மருமகளும் சேர்ந்தாள். வீட்டில் மாமியார் வைத்ததுதான் சட்டம். வகுப்பிலோ அவர் இருந்த குழுவுக்கு மருமகள் தலைவி.

சமூகப் பொறுப்புப் பாடத்துக்கு ஒரு தொழிலைப் பார்த்து அறிக்கை தரவேண்டும்.

"எதுக்கு வெளியில அலையணும், நம்ம கடையையே எழுது," என்றார் மாமியார். பாராட்டைக் கேட்க முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மருமகள் வாசித்தாள். துணி தேய்க்கும் பின்னறையில் மின்விசிறியே கிடையாது. முதலாளியின் தலைக்கு மேல் மட்டும் இரண்டு ஓடுகின்றன. வகுப்பு சிரித்தது.

"இதை அந்த முதலாளிகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார் ஆசிரியர்.

மருமகள் முதல் வரிசையைப் பார்த்தாள். மாமியாரே எழுந்து நின்றார்.

"இப்பதான் சார் சொன்னா."

மறுநாளே பின்னறையில் புது மின்விசிறி சுழன்றது. வீட்டில்தான் பேச்சுவார்த்தை நின்றுபோனது. கடைசியில் கணக்கியல் வீட்டுப்பாடம்தான் மாமியாரின் வாயைத் திறந்தது.

"அந்த ஃபேனை செலவுல எழுதணுமா, சொத்துலயா?"

"சொத்துலதான், அத்தை."

மாமியாரின் முகம் தெளிந்தது.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன," என்றவர், அந்த வாரமே பின்னறைக்கு இன்னொன்றும் வாங்கி மாட்டினார்.