சென்னம்மாளின் குட்டையும் செத்த தவளைகளும்

நாமகிரிப்பேட்டைப் பக்கம் சென்னம்மாளைப் போலச் சுத்தம் பார்க்கிற ஆளை வலை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. மாட்டுத் தொட்டியைக்கூடச் சோற்றுப் பானை மாதிரி தேய்த்துக் கழுவுகிற கை. மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் தேக்கப் பண்ணைக்குட்டை வெட்டி, தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமலிருக்கக் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரித்த நாளிலிருந்து அவளுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. ஷீட்டின் சரிவில் மண்ணோ புல்லோ பாசியோ ஒட்டினால் அவளுக்குச் சோறு இறங்காது. நீளக் கழியில் சீமாற்றைக் கட்டி, தினமும் காலையில் வழித்து எறிந்துவிடுவாள். குட்டை கண்ணாடி மாதிரி பளபளக்கும்.

அந்தப் பளபளப்பில்தான் தவளைகள் செத்து மிதந்தன. முதலில் ஒன்றிரண்டு. பிறகு காலையில் எந்நேரம் போனாலும் வயிறு மேலாக நான்கைந்து. ஐப்பசி மழைக்குக் காதை அடைக்கிற மாதிரி கத்துகிற கூட்டம் இந்த வருடம் பேருக்குக் கத்திவிட்டு ஓய்ந்தது. தவளை போனால் போகட்டும் என்று விட்டிருப்பாள். ஆனால் குட்டைக்கு வருவது கிணற்றுத் தண்ணீர். அதே தண்ணீரைத்தான் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் கயல்விழி குடிக்கிறாள். தவளையைக் கொல்லுகிற தண்ணீர் வயிற்றுப் பிள்ளையை விட்டுவைக்குமா? அன்றைக்கே கேன் தண்ணீருக்குச் சொல்லிவிட்டாள்.

பழி யார்மேல் போடுவது என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்துக் காட்டில் கொழுந்தன் கந்தவேலின் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை. மரவள்ளிக் கிழங்கு அரைத்த கழிவுத் தண்ணீர் அங்கே தொட்டியில் நின்று புளித்து நாறும்; அதுதான் கிணற்றில் கசிகிறது என்பது அவள் கணக்கு. புருஷன் செங்கோட்டையன் லாரியோடு வடக்கே போயிருந்தார், தடுக்க ஆளில்லை. நேரே ஆலைக்குப் போய், வேலையாட்கள் முன்னால், தவளைக்கு வந்தது தன் பிள்ளைக்கு வந்தால் ஆலையை இழுத்து மூடாமல் விடமாட்டேன் என்று கத்தித் தீர்த்தாள். கந்தவேல் முகம் செத்துப் போனது. தொட்டியில் ஒரு சொட்டுக்கூட ஒழுக்கில்லை, தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள் என்றான். அதோடு இந்த வீட்டு வாசலை மிதிப்பதை விட்டான்.

சேலத்துக்குச் சோதனைக்குக் கொடுத்தனுப்பிய கிணற்றுத் தண்ணீர் குடிக்க ஏற்றது என்று முடிவு வந்தது. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஓர் அண்டாவில் குட்டைத் தண்ணீர் நிறைத்து, ஏறி உட்காரச் செங்கல் வைத்து, இரண்டு தவளைகளைப் பிடித்து விட்டு மேலே வலை கட்டினாள். செத்தால் கந்தவேலிடம் கொண்டுபோய்க் காட்டலாம் என்று எண்ணம். கயல்விழி சிரித்தாள். அந்தத் தவளைகளோ விழுந்த பூச்சியைத் தின்று, செங்கல் மேல் குந்திக்கொண்டு, சென்னம்மாளை முறைத்துப் பார்த்தன. ஒரு வாரமாகியும் சாகிற வழியைக் காணோம். பாழாய்ப் போன தவளைகள், வீராப்புக்காகவாவது செத்துத் தொலையக் கூடாதா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்த நாள் காலையில் சரிவை வழிக்கும்போது கால் வழுக்கியது. சீமாறு ஒரு பக்கம், சென்னம்மாள் ஒரு பக்கம், தொபுக்கென்று குட்டைக்குள். தண்ணீர் நெஞ்சளவுதான். எழுந்து நின்று கரையேறப் பார்த்தாள். இரண்டு அடி ஏறினாள், சறுக்கினாள். கையை ஊன்றினாள், பிடிக்க ஒரு புல் இல்லை. எப்படி இருக்கும்? அவளே தேய்த்த தேய்ப்பு. சத்தம் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த கயல்விழியைக் கிட்டே வராதே என்று அலறினாள். மூச்சு வாங்க ஓரமாக நின்றபோதுதான் பக்கத்தில் ஒரு தவளையைப் பார்த்தாள். அதுவும் ஓரத்தில் ஒட்டி, ஒரு சாண் ஏறி, சறுக்கி விழுந்தது. மறுபடி ஏறியது, மறுபடி விழுந்தது. செத்துப் போகிற களைப்பு அதற்கு.

சென்னம்மாளுக்குப் பொறி தட்டியது.

அதற்குள் கயல்விழியின் கூப்பாடு கேட்டு, மாவு படிந்த கையோடு கந்தவேல் ஓடிவந்தான். ஆலைக் களத்திலிருந்து அள்ளிவந்த சேகோ சாக்குகளை முடிந்து கயிற்றோடு வீசினான். சாக்கு நனைந்து சரிவில் ஒட்டியதுதான் தாமதம், சென்னம்மாள் கை நீட்டும் முன்பே அந்தத் தவளை சாக்கில் தாவி ஏறி, கந்தவேலின் காலைத் தாண்டிப் புல்லுக்குள் போய்விட்டது.

கரைக்கு வந்தவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சொன்னாள்:

“தண்ணியில ஒண்ணுமில்லீங் தம்பி. தவக்களையெல்லாம் நாந்தானுங் கொன்னுருக்கறேன்.”

கந்தவேல் இன்னும் நாலு சாக்கை எடுத்துவந்து, குட்டையின் நாலு பக்கமும் கல் வைத்துத் தொங்கவிட்டான்.

சென்னம்மாள் ஈரச் சேலையோடு மோட்டாரைப் போட்டாள். கிணற்றுத் தண்ணீரைச் சொம்பில் பிடித்து மடமடவென்று குடித்தாள், மகளுக்கும் கொடுத்தாள். பிறகு சொம்பைக் கழுவி, நிறையப் பிடித்து, கந்தவேலிடம் நீட்டினாள்.

“ஊட்டுக்கு வாங்க சாமி,” என்றாள்.

அவன் அண்ணாந்து, சொம்பு காலியாகும் வரை குடித்தான்.