ரம்புத்தான் படம் ஒட்டிய பெட்டி

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையைப் பதினோரு வருஷம் நான்தான் துடைத்தேன். உள்ளே எட்டுப் பெட்டிகள். ஒரு பெரிய கணக்கை எட்டும் பங்கு போட்டுக்கொண்டு செய்யும். கார்டு காட்டி அந்த அறைக்குள் போகக்கூடியவர்கள் நாலே பேர், அதில் நான் ஒருத்தி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பதினோரு வருஷத்தில் யாரும் சொல்லாமல் ஒரு பட்டனைத் தொட்டதில்லை, ஒரு வயரை நகர்த்தியதில்லை.

பெட்டிகளைப் பார்த்துக்கொண்ட இன்ஜினியர் நம் தமிழ் ஆள்தான். நாற்பது வயதிருக்கும். வீடு கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம். காலை ஏழு மணிக்கு நான் அறையில் இருப்பேன், அவர் ஜாமில் நிற்பார். எதிலாவது சிவப்பு விளக்கு எரிந்தால் போன் போடுவேன்.

"எந்தப் பெட்டி அக்கா?"

"கதவுப் பக்கம், கீழேருந்து ரெண்டாவது."

"பேரு ஒட்டியிருக்கே லா, படிங்க."

ஒட்டியிருந்தது இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும். நான் படித்தது மூன்று வருஷத் தமிழ். அதுவும் எழுத்துக் கூட்டித்தான் வரும்.

ஒருநாள் அவரே சொன்னார், "அக்கா, நீங்களே பேரு வைங்க. உங்க வாயில வர்ற பேரா இருக்கட்டும்." பாசார் சந்தையில் நான் வாங்கும் பழங்களை வரிசையாகச் சொன்னேன். டுரியான், மங்குஸ்தீன், ரம்புத்தான், லங்சாட், இப்படி எட்டு. ஒவ்வொன்றுக்கும் படம் அச்சடித்து அந்தந்தப் பெட்டியில் ஒட்டினார். பிறகு திரையில் ஒரு பட்டியலைக் காட்டினார்.

"இது ஒவ்வொண்ணோட நம்பர், வீட்டு விலாசம் மாதிரி. பக்கத்துல ஆபீஸ் வச்ச பேரு. அதுக்கும் பக்கத்துல உங்க பேரு. எட்டுலயும் இதே லிஸ்ட் இருக்கணும். ஒண்ணுல மாறினாலும் ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்கும்."

"மாமியா மருமக மாதிரியா?"

"அதேதான்!" என்று சிரித்தார்.

"அப்ப ரம்புத்தான்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்குமா?"

"லிஸ்ட்ல இருக்கிற வரைக்கும் பாக்கும்க்கா."

பெரிய பெரிய படிப்புப் படித்தவர்களெல்லாம் நான் வைத்த பேரைச் சொல்லி வேலை அனுப்பினார்கள். டத்தோ கிராமாட்டில் இருக்கிற வீட்டுக்குப் பஸ்ஸில் திரும்பும்போது அதை நினைத்துக்கொள்வேன்.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் போன் செய்தார்.

"அக்கா, ரம்புத்தான் அசைய மாட்டேங்குது. நான் பாலத்துல மாட்டிக்கிட்டேன். பட்டனை அமுக்கிப் பிடிங்க, விளக்கு அணையற வரைக்கும்."

"பச்சைதானே தம்பி எரியுது. நல்லாத்தான் இருக்கு."

"விளக்கு அப்படித்தான் காட்டும். அமுக்குங்க லா."

"ரம்புத்தான்தானே?"

"ரம்புத்தான்தான்."

அமுக்கினேன். படம் ஒட்டிய பெட்டி மூச்சு விட்டது போல அடங்கியது.

ஒரு மணி நேரத்தில் மேல்மாடி ஆட்கள் முழுக்கக் கீழே வந்துவிட்டார்கள். மூன்று நாளாக அந்தப் பெட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஒருத்தருடைய கணக்கு பாதியில் அழிந்துபோயிற்று. மேனேஜர் ஒரு சீனப் பெண்மணி. எல்லார் முன்னாலும் என்னைக் கூப்பிட்டு, பட்டனைத் தொட்டாயா என்று மலாயில் கேட்டார். தம்பி போனில் சொன்னார், அமுக்கினேன் என்றேன். அதற்குள் வந்து சேர்ந்திருந்த இன்ஜினியரை எல்லாரும் பார்த்தார்கள்.

"ஏர்கோன் குளிரா ஓடுதான்னு கேக்கத்தான் போன் பண்ணேன்" என்றார். "துடைக்கும்போது கை பட்டிருக்கும். வயசாச்சு, குழப்பிக்கிறாங்க." அதையும் மலாயிலேயே சொன்னார். எனக்கு மலாய் தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.

பேன்ட்ரியில் டீ கலக்கிக்கொண்டிருந்தவரைப் பிடித்தேன். "ஏன் தம்பி?"

"மெதுவாக்கா. வெள்ளிக்கிழமை புதுப் பெட்டி ஒண்ணு வந்துச்சுல்ல? லிஸ்ட்ல ரம்புத்தான் பேரை அதுக்கு மாத்திட்டேன். பழசை வேற ஆளுக்கு விட்டுட்டேன். படத்தை மாத்தி ஒட்ட மறந்துட்டேன். இன்னைக்கு அசையாம நின்னது அந்தப் புதுசு."

"மறதி எல்லாருக்கும்தான் வரும். அதை அங்க சொல்லுங்க."

"இந்த வருஷம் எனக்கு புரமோஷன் இருக்குக்கா. உங்களுக்கு என்ன, வேற மாடிக்கு மாத்துவாங்க. சம்பளம் அதேதான்."

நான் சம்பளத்தைக் கேட்கவில்லை. கை பட்டுவிட்டது என்று பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக என்னைப் பற்றி ஒருவர் சொன்னார். சொன்னவர் நான் சுட்ட முறுக்கைத் தீபாவளிக்கு டப்பாவோடு கேட்டு வாங்கிப் போனவர்.

கார்டை வாங்கிக்கொண்டார்கள். இப்போது ஐந்தாம் மாடியில் கக்கூஸ் கழுவுகிறேன். அதில் எனக்குக் குறைவில்லை. செய்கிற வேலை சுத்தமாக இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து, காலை ஏழு மணிக்குப் போன் அடித்தது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அறையில யாரும் இல்ல. செக்யூரிட்டிகிட்ட சொல்லிட்டேன், கதவைத் திறந்துவிடுவான். ஒரே ஒரு பட்டன்..."

"இருங்க தம்பி" என்று போனோடு நடந்தேன். மேனேஜர் அன்றைக்குச் சீக்கிரம் வந்திருந்தார். அவர் கதவைத் தட்டி, போனைச் சத்தமாக வைத்து நீட்டினேன். "மேடம் இங்கதான் இருக்காங்க. எந்தப் பெட்டின்னு அவங்ககிட்டயே சொல்லுங்க."

அந்தப் பக்கம் கார் ஹார்ன் சத்தம் கேட்டது. பிறகு லைன் அறுந்தது.

"யாரு ஆன்ட்டி?" என்று மலாயில் கேட்டார் மேனேஜர். திரையில் இருந்த நம்பரைக் காட்டினேன். பார்த்தார். யாரென்று தெரிந்துகொண்டு போனைத் திருப்பிக் கொடுத்தார். என் கார்டு மட்டும் திரும்பி வரவில்லை.

வீட்டுக்குப் போனதும் மகளிடம் போனைக் கொடுத்தேன். அவர் நம்பருக்குத் 'தம்பி' என்று அவள்தான் முன்பு பேர் போட்டுக் கொடுத்திருந்தாள். அந்தப் பேரை எடுத்துவிடச் சொன்னேன்.

"நம்பரையும் அழிச்சிடவாம்மா?"

"நம்பர் கெடக்கட்டும். அது யாருன்னு எனக்குத் தெரியும்."