லேபிள் அக்காவின் தபால் பெட்டி

எங்கள் கட்டடத்தில் தமிழ் பேசுகிறவர்கள் எல்லாருக்கும் அவர் லேபிள் அக்கா. மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருட வேலை. ரத்தம் எடுப்பது வேறொருவர். பெயர், பிறந்த தேதி, எண், எடுத்த நேரம் அச்சிட்ட லேபிளைக் குழாயில் ஒட்டுவது அக்கா. லேபிள் இல்லாத குழாய் குப்பைத் தொட்டிக்குப் போகும். யாருடைய ரத்தம் என்று அறையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தாலும் போகும். இதில் அக்கா யாருக்கும் தயவு காட்டியதில்லை.

போன வருடம்வரை, இந்த நாட்டில் தங்குவதற்கான அவருடைய குடியிருப்பு அட்டை கணவரின் அட்டையைப் பிடித்துக்கொண்டு தானாகப் புதுப்பிக்கப்பட்டு வந்தது. இந்த வருடம் விதி மாறியது. மனைவிமார் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நேர்காணல் தேதி தபாலில் வரும். அந்தக் கடிதம் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அட்டை காலாவதியானால் மறுநாளே வேலை போய்விடும்.

இரண்டு மாதம் அக்கா தினமும் வேலையிலிருந்து வந்து, கைப்பையைக்கூட இறக்காமல் தபால் பெட்டியைத் திறந்தார். மின்கட்டணம் வந்தது. பல் மருத்துவரின் விளம்பரம் வந்தது. கடிதம் வரவில்லை.

"வரும், வரும்" என்றார் கணவர். வரவேண்டிய கடிதம் எதுவும் அவருக்கு வராமல் இருந்ததில்லை.

அட்டை காலாவதியாகப் பத்தொன்பது நாள் மிச்சம் இருக்கும்போது அக்கா விடுப்பு போட்டுவிட்டு அலுவலகத்துக்கே போனார். துணைக்கு, எதிர்வீட்டுக்காரி என்ற முறையில், என்னையும் இழுத்துக்கொண்டார். கவுன்ட்டரில் இருந்த பெண் கோப்பைப் புரட்டினாள்.

"ரெண்டு தடவை அனுப்பியாச்சு. ரெண்டும் திரும்பிடுச்சு."

இங்கே தபால்காரர் பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். அக்கா வீட்டுப் பெட்டியில் கணவர் பெயர் மட்டும்தான் உண்டு. அதனால் முதல் உறை திரும்பிவிட்டது. இரண்டாவதை, படிவத்தில் நிரந்தர முகவரி என்ற கட்டத்தைப் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள். அதில் அக்கா எழுதியிருந்தது, கடல் தாண்டி அவர் பிறந்து வளர்ந்த வீடு. இங்கே வந்து பதினான்கு வருடமாகியும், அந்தக் கட்டத்தைக் கண்டால் அவர் கை அதைத்தான் எழுதும்.

இரண்டு உறைகளின் மேலும் இரண்டு தபால்காரர்கள் இரண்டு மொழியில் ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள்: இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை. அக்காவுக்கு இரண்டு மொழியும் நன்றாகப் படிக்க வரும்.

"கையில கொடுக்க எங்களுக்கு அனுமதி இல்ல" என்றாள் அந்தப் பெண். "இன்னும் ஒரு தடவை அனுப்புவோம். அதுவும் திரும்பினா ஃபைலை மூடிடுவோம். எந்த முகவரிக்கு அனுப்பட்டும்?"

அக்கா ஒரு நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு ஊரில் இருக்கும் அண்ணிக்குப் போன் போட்டார். அண்ணியின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவைப்படவில்லை.

"அந்த வீட்டை வாடகைக்கு விட்டு நாலு வருஷம் ஆச்சேம்மா. உங்கண்ணன் சொல்லலையா?"

"சொல்லல அண்ணி."

"நீ வருத்தப்படுவேன்னு விட்டிருப்பார். குடியிருக்கிறவங்க தங்கமானவங்க. போஸ்ட்மேன் கேட்டதுக்கு, அப்படி யாரும் இல்லன்னு உள்ளதைத்தான் சொல்லியிருக்காங்க."

"ஆமா அண்ணி. பொய் ஒண்ணும் சொல்லல."

போனை வைத்துவிட்டு, இப்போது இருக்கும் முகவரிக்கே அனுப்பச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் போய் என் பெட்டியைப் பார்த்தேன். என் பெயர் இருந்தது. இருந்தாலும் விரலால் ஒருமுறை அழுத்திவிட்டேன்.

மறுநாள் வேலையிடத்தில் நடந்ததை அக்காவே சொன்னார். லேபிள் இயந்திரத்தில் தன் பெயரைத் தட்டிக்கொண்டிருந்தபோது மேற்பார்வையாளர் பின்னால் வந்து நின்றிருக்கிறார். அந்த அம்மாவும் எங்கிருந்தோ வந்தவர்தான்.

"குழாய் எங்க?"

"குழாய் இல்ல மேடம். வீட்டுத் தபால் பெட்டிக்கு."

அந்த அம்மா திரையைப் படித்தார். "எடுத்த நேரம் காலியா இருக்கு. அதைப் போடாம மெஷின் அடிக்காது."

"இப்ப மணி என்ன?"

"நாலு பத்து. ரெண்டா அடிச்சுக்கோங்க. ஒண்ணு உரிஞ்சுட்டா?"

ஆகவே எங்கள் கட்டடத்தில் ஒரே ஒரு தபால் பெட்டியில் மட்டும் பிறந்த தேதியும் வீட்டு எண்ணும் ரத்த மாதிரி எடுத்த நேரமும் இருக்கின்றன. கணவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"என் பேருக்கு மேலயா ஒட்டினே?"

"கீழ இடம் இல்லங்க."

"உன் வயசு ஊருக்கே தெரிஞ்சுடுமே."

"தெரியட்டும். நான் இருக்கேன்னு முதல்ல தெரியட்டும்."

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. நேர்காணல் நான்கு நிமிடத்தில் முடிந்தது. அட்டை இப்போது அவர் பர்ஸில் இருக்கிறது. அதற்குப் பின்னால், பின்தாள் உரிக்காத இரண்டாவது லேபிளும் இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பிறந்த வீட்டு கேட்டில் ஒட்டலாம் என்று வைத்திருக்கிறார். குடியிருப்பவர்களிடம் இன்னும் கேட்கவில்லை.