கணிச்சம் எழுதிய நோட்டு

எழுபத்தொன்றில் யுத்தம் மூண்டபோது எங்கள் ஸ்ரீவராகம் தெருவில் என்னைவிடப் பயந்தவன் யாரும் இல்லை. காலையில் ரேடியோ, ஆபீஸில் பேப்பர், சாயங்காலம் மறுபடி ரேடியோ. ஒற்றன், நீர்மூழ்கி என்று காதில் விழுந்தால் அன்று சோறு இறங்காது. நான் குமாஸ்தா வேலை பார்த்ததோ விழிஞ்ஞம் என்ற மலையாளக் கடற்கரை ஊரில், ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் ஒரு சர்க்கார் ஆபீஸில்.

"உங்களைப் பிடிக்கன்னு தனியா ஒரு நீர்மூழ்கி அனுப்பப் போறானாக்கும்! ரசம் ஆறிப் போறது, சாப்பிடுங்கோ" என்பாள் மனைவி. உலகம் தெரியாதவள் என்று நினைத்துக்கொள்வேன். எனக்குத் தெரிந்த உலகத்தின் லட்சணம் இதுதான்.

ஒரு நாள் காலை ஒரு மீன்பிடிக்காரர் வந்தார். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் இலவசமாகச் செய்ய வருமான சர்டிபிகேட் வேண்டும். உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றே வாங்கிக்கொண்டு போனார். போன பிறகு பார்த்தால், அவர் துண்டை வைத்திருந்த பெஞ்சில் ஒரு சின்ன நோட்டு. கோணல் மலையாள எழுத்தில், 'மாதா கோயில் மணிமேடை தென்னந்தோப்புக்கு இடதுபக்கம் தெரியணும். மலையின் இரண்டாவது முனைக்கு நேரே மசூதி. ஆழம் இருபத்தெட்டு பாகம்' என்று நாலு பக்கம். எதிரிக் கப்பலுக்கு வழி சொல்லும் குறிப்பல்லவா இது!

பக்கத்து அறையில் உள்ளூர்க்காரரான பியூன் இருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆறு வருஷம் அந்த ஊரில் உத்தியோகம் பார்த்தும், இவர்கள் கடலில் என்ன செய்கிறார்கள் என்று நான் யாரையும் கேட்டதில்லை. நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். திரும்பி வரும்போது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நாட்டைக் காப்பாற்றிவிட்ட மிதப்பில் நடந்தேன்.

மறுநாள் பியூன்தான் விஷயத்தைச் சொன்னார். அதற்குப் பெயர் கணிச்சம். கடலுக்கடியில் மீன் கூடும் பாறைக்கு அவர்கள் பேச்சில் 'பார்' என்று பெயர். கரையில் இரண்டிரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் பிடித்து அந்த இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தமாக ஒரு பார். கூடப்பிறந்தவனுக்குச் சொல்வார்களே தவிர, அடுத்த வள்ளக்காரனுக்கு மூச்சுவிட மாட்டார்கள். ஆபரேஷன் முடிந்து படுத்துக்கிடக்கும் மாசங்களில் தம்பியாவது போய்ப் பிழைக்கட்டும் என்று அந்த மனுஷர் எழுதி வைத்தது அது. அன்று மாலையே அவரைப் பிடித்துக்கொண்டு போன போலீஸ் இதை நம்பவில்லை. பத்துப் பதினைந்து மீன்பிடிக்காரர்களை முற்றத்தில் நிறுத்தி, நோட்டை வரிவரியாக உரக்க வாசித்து, "இது மீன் பிடிக்கிற கணக்குதானா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"ஆளை விட்டுட்டாங்க சாமி. பின்னே என்ன பிரயோஜனம்? இன்னைக்கு விடிய வெளுப்பிலயே அந்தப் பாருல பன்னெண்டு வள்ளம் கெடக்கு. எந்த துரோகி கொண்டு கொடுத்தானோ, வெளங்க மாட்டான்" என்றார் பியூன்.

நான் ஏதோ ஃபைலைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

நாலு நாள் கழித்து அந்த மீன்பிடிக்காரரே வந்தார். தெரிந்துதான் வந்துவிட்டாரென்று எழுந்து நின்றுவிட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

"சாமி, நம்ம புக்கு எங்கேயோ விழுந்துபோச்சு, எவனோ எடுத்து ஸ்டேஷன்ல கொடுத்துட்டான். இனி அதுகொண்டு காரியமில்ல. ஆனாலும் தம்பிக்குன்னு எழுதினதல்லே? திரிச்சுக் கிட்டறதுக்கு ஒரு அபேட்சை எழுதித் தரணும். எனக்கு இங்க சாமியத்தான் தெரியும்."

நோட்டைத் திருப்பிக் கேட்டு ஒரு மனு எழுதினேன். என் கையெழுத்து அழகு என்று ஆபீஸே சொல்லும். அந்த எழுத்திலேயே எழுதி, வாசித்தும் காட்டினேன். அவர் கும்பிட்டார். தோள் துண்டை அவிழ்த்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை மேஜையில் வைத்தார்.

"சாமிக்கு மீன் ஆகாதுன்னு அறியும். அதான்."

'நான்தான் கொடுத்தேன்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். "எதுக்கு இதெல்லாம்" என்றுதான் வந்தது. பழத்தை வாங்கிக்கொண்டேன்.